ஐந்தாம் காம்பராக் கூரையில் ஒரு பல்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை தானாக வரவில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஜெயந்தினி என்ற பதினேழு வயதுப் பெண்ணின் கீழ்த்தாடையில், பல் முளைக்காத இடத்தில் வீக்கம். அந்த இடத்து ஈறு மட்டும் கறுப்பு. வாரப் பத்திரிகையில் திகில் தொடர் எழுதுகிறவனுக்கு இது போதாதா? ஹட்டனில் பஸ் ஏறிவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: ‘மூடுபனிக்குள் ஒரு கறுத்த வாய் சிரித்தது. அதற்குள்—’

(அடித்துவிட்டேன். அவள் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள்.)

இரண்டாம் தொடக்கம்: ‘பல்லாக வேண்டிய திசு சில சமயம் கட்டியாகிவிடும். மிக அபூர்வமாக அதில் கறுப்பு நிறமியும் சேரும். நம் தோலுக்கு நிறம் தருகிறதே, அதே நிறமி.’

நுவரெலியாவில் டொக்டர் கேஷிகா சொன்னது இது. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவைத்தால் தாடையெலும்பை அரிக்கும். வியாழக்கிழமை சத்திரசிகிச்சை. தாய் கையொப்பமிட வேண்டும், அவ்வளவுதான்.

(உண்மைதான். ஆனால் இதற்காக அடுத்த வாரம் யார் பத்திரிகை வாங்குவார்கள்? அப்படித்தான் நினைத்தேன்.)

3.

கொழுந்து பறித்துவிட்டு வந்த தாய் மீனம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“இவ பால்பல்லு விழுந்தப்ப எங்க போட்டீங்க?” என்று கேட்டேன்.

“கூரை மேலதான் சேர். எல்லாரும் போடுறதுதானே.”

“உங்க கூரையிலயா?”

அந்தக் கேள்வி தேவையில்லை. லயம் என்கிற அந்த வரிசை வீட்டில், காம்பரா என்கிற பத்து அறைக்கும் ஒரே நீளத் தகரம். யார் கூரை எங்கே முடிகிறதென்று நான் கேட்கும்வரை யாரும் யோசித்ததில்லை. மீனம்மாவின் கை நின்றது.

“கை தவறி அஞ்சாம் காம்பரா மேல விழுந்துச்சு. ராசம்மா செத்த கெழமை.”

(ராசம்மா தனிக்கட்டை. இறந்தது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் காம்பரா இன்னும் பூட்டியே கிடக்கிறது.)

“சும்மா இரும்மா,” என்றாள் ஜெயந்தினி. “அந்தக் கெழவிக்குப் பல்லே கெடையாது. என் பல்லை வச்சு என்ன செய்யப் போகுது?”

நான் சிரித்தேன். மீனம்மா சிரிக்கவில்லை.

“பல்லு இல்லாததுக்குத்தான்டி பல்லு வேணும்.”

4.

அன்றே எழுதினேன்: ராசம்மா கூரையிலிருந்த பல்லை எடுத்துத் தன் ஈறில் நடுகிறார், இங்கே ஜெயந்தினியின் ஈறு கறுக்கிறது. நான் எழுதியதில் இதுதான் உச்சம்.

திங்கட்கிழமை டொக்டர் அழைத்தார். “அந்த அம்மா கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க. கூரையில கெடக்குற பல்லை எடுக்காம வெட்டினா, செத்தவ மிச்சப் பல்லையும் கேப்பாளாம். யார் இதைக் கிளப்பிவிட்டதுன்னு தெரியுமா?”

தெரியும்.

5.

செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன்.

“நான் சும்மா கதைக்காகக் கேட்டதுங்க.”

“பல்லு அங்க விழுந்தது சும்மாவா?”

“இல்ல.”

“அவ செத்தது?”

“இல்ல, ஆனா—”

“அப்ப எது சேர் சும்மா?”

(இங்கே நான் சொன்ன சமாதானம் பத்து வரி இருந்தது. எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

ஜெயந்தினி தாடையைத் தாங்கிக்கொண்டு சொன்னாள்: “நீங்க ஆரம்பிச்சது சேர். முடிச்சிட்டுப் போங்க.”

6.

பல்லைத் தேடி ஐந்தாம் காம்பராக் கூரைக்கு ஏணி வைத்து ஏறினேன். தகரத்தின் மேல் தகரம் ஏறும் மடிப்பில், பாசிக்குள், நான்கு பால்பற்கள். இந்த லயத்தில் எத்தனை பேருக்குக் கை தவறியிருக்கிறது. மூன்று வெளுத்தவை. ஒன்று முழுக் கறுப்பு.

துருவாக இருக்கலாம். துடைத்தேன். போகவில்லை.

முடிவு ஒன்று: வெளுத்த ஒன்றைக் கொடுத்து, ‘இதுதான்’ என்கிறேன். மீனம்மா கையொப்பமிடுகிறார். பொய், ஆனால் தாடை பிழைக்கும்.

முடிவு இரண்டு: கறுப்பைக் காட்டுகிறேன். உடனே நம்புவார். நம்பியபின் மகளை வெட்ட விடுவாரா, இல்லை அவளை இழுத்துக்கொண்டு கோயில் கோயிலாக—

“கெடைச்சுதா சேர்?” கீழிருந்து மீனம்மா.

நான் எடுத்தால் கறுப்பைத்தான் எடுப்பேன். இந்தக் கை இருபது வருடமாக அப்படித்தான் பழகியிருக்கிறது. அதனால் நான்கையும் உள்ளங்கையில் வைத்து உங்கள் பக்கம் நீட்டியிருக்கிறேன். வாசகரே, நீங்கள் எடுங்கள். வியாழக்கிழமை சத்திரசிகிச்சை; இடையில் புதன்கிழமை ஒன்றுதான் இருக்கிறது.