துண்டுக்கடியில் ஒரு கை

தன்னம்பிக்கையின் விலை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். மதியச் சாப்பாடு அதில் அடக்கம். ராசிபுரத்து ஜீவானந்தம் அதைச் சேலத்தில் ஓர் ஓட்டல் மாடியில் வாங்கிக்கொண்டு வந்தார். கால்களை அகட்டி, இடுப்பில் கைவைத்து, மார்பை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் மனசும் கூடவே நிமிர்ந்துகொள்ளுமாம். டை கட்டிய ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

அவருக்கு அது அவசரத் தேவை. இதுவரை சந்தையில் அவர் விற்ற மாடெல்லாம் ஊர் சிரிக்கும் விலைக்குத்தான் போயிருந்தது. இந்தத் தடவை கறவை மாடு ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனால், இனி விற்க வாங்கத் தானே போய்க்கொள்வதாக மனைவி ஜெயப்பிரியா சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

புதன்சந்தையில் டெம்போவுக்குப் பின்னால் மறைந்து, சொல்லிக்கொடுத்தபடியே நின்றார். பொய் சொல்லக் கூடாது, மூச்சு கொஞ்சம் தாராளமாகத்தான் வந்தது. மாடு மட்டும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

அதே மார்போடு வியாபாரி மாரியப்பன் முன்னால் போய் நின்றார். மாரியப்பன் மாட்டின் மடியைத் தடவினார், பல்லைப் பார்த்தார், கடைசியில் ஜீவானந்தத்தையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இடுப்பிலிருந்த கையை இழுத்துத் தன் கையோடு சேர்த்து, மேலே துண்டைப் போட்டார். அங்கே விலையை வாயால் பேசுவதில்லை. சுற்றி நிற்பவனுக்குத் தெரியாமல் விரலைப் பிடித்துத்தான் பேசுவது. ஜீவானந்தம் அறுபது கேட்டார். மாரியப்பன் நாற்பத்தைந்துக்கு அழுத்தினார். அப்புறம் விரலை விடாமலே சிரித்தார்.

“ஏனுங்க, நெஞ்சு அறுவதுங்குது. வெரலு நாப்பத்தஞ்சுக்கே ஒத்துக்கிட்டு வேர்த்து ஊத்துதுங்களே.”

டை கட்டியவர் இந்த இடத்துக்குப் பாடம் எடுத்திருக்கவில்லை. வெட்கம் பிடுங்க, ஜீவானந்தம் கையை உருவி வேட்டியில் துடைத்தார். செய்தது அவ்வளவுதான். ஆனால் சந்தையில் துண்டுக்கடியிலிருந்து கையை எடுத்தால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். பக்கத்தில் காத்திருந்த இன்னொரு வியாபாரி செங்கோடன், தோள்துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார்.

மாரியப்பனின் சிரிப்பு நின்றது.

“என்னுங்க சாமி இது, பேசிட்டிருக்கையிலயே கைய உருவறீங்க. கொண்டாங்க இப்படி.”

இரண்டாவது முறை உள்ளே போன கை உலர்ந்திருந்தது. பரபரத்தது மாரியப்பனின் விரல்தான். ஐம்பது வந்தது, ஐம்பத்தொன்று வந்தது. ஜீவானந்தம் சும்மா நின்றார். முதுகு தானாக நிமிர்ந்துகொண்டதைக்கூட, ஐம்பத்து மூன்றில் பேச்சு முடிந்த பிறகுதான் கவனித்தார்.

வீட்டில் ஜெயப்பிரியா பணத்தை எண்ணிவிட்டு, அந்த நிற்கிற வித்தை பலித்துவிட்டதா என்று கேட்டாள். அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி, அடுத்த சந்தைக்கும் நீங்களே போங்க என்றாள்.

மாடு ஐம்பத்து மூவாயிரம். சுங்கம் நூறு, டெம்போ வாடகை ஆயிரம் போக, கையில் நின்றது ஐம்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரம். அதில் நெஞ்சின் பங்கு எவ்வளவு, வேர்வையின் பங்கு எவ்வளவு என்பது மட்டும் இன்னும் பிரிக்கப்படவில்லை.