இருபத்துநாலுக்கு ஆறு போதும்

வல்லிபுரத்துக்குக் கணக்கு வராது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்வதானால் இன்னும் நிறைய இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரரான அவர், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணக்கு ஆபீசுக்குத் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. கழுத்தில் டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, வாயைத் திறந்தால் தாம் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸ் என்ற பேச்சு. எந்த வருஷம் என்று கேட்டால் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும்.

என் கணவர் ரெங்கசாமி அதே ஆபீசில் தற்காலிகக் கிராணி. ஐந்து வருஷமாகத் தற்காலிகம். 1927-இல் துரை ஓய்வு பெற்றுச் சீமைக்குக் கப்பல் ஏறப்போவதாகச் செய்தி வந்தது. புதுத் துரை வந்தால் தற்காலிக ஆட்களைத்தான் முதலில் கழிப்பார். வேலை போனால் ஆபீஸ் கொடுத்த குவார்ட்டர்ஸ் வீடும் போகும். இரண்டு பிள்ளைகளோடு கிள்ளானில் என் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் போய் ஒண்ட வேண்டும். அண்ணியின் முகத்தை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய துரை போவதற்குள் நிரந்தரம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு வல்லிபுரம் சிபாரிசு செய்ய வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் வல்லிபுரத்துக்குச் சீனி யோசனை வந்தது.

துரையின் பிரிவுபசார விருந்தில், மேசை நடுவே சீனிக்கட்டிகளை அடுக்கி ஒரு கனசதுரம் கட்ட வேண்டுமாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று. உள்ளே பொந்து இருக்கக் கூடாது. பிறகு துரை தம் கையாலேயே அதை இருபத்துநாலு நிரந்தரக் கிராணிகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பார். ஒரு கட்டிகூட மிஞ்சக் கூடாது. அந்த இருபத்துநாலில் என் கணவர் இல்லை. தற்காலிகத்துக்கு எதற்கு இனிப்பு.

கணக்கை வல்லிபுரமே போட்டார். இருபத்துநாலு பேருக்குப் பிரிக்க வேண்டுமென்றால் பக்கத்துக்கு இருபத்துநாலு கட்டி. ஆக மொத்தம் பதின்மூவாயிரத்து எண்ணூற்று இருபத்துநாலு. தாளை ஆபீஸ் முழுக்கக் காட்டினார். மற்ற இருபத்துமூன்று கிராணிகளும் தலையாட்டினார்கள். என் கணவர் மட்டும் சும்மா இருக்காமல், "சார், பக்கத்துக்கு ஆறு போதும்" என்றிருக்கிறார்.

"ஆறோ? ஆறை இருபத்துநாலாலை பிரிக்கேலுமோ, ரெங்கசாமி?"

"முடியாது சார்."

"பிறகு எப்பிடி அதின்ரை கனம் பிரியும்? நீர் எங்கை படிச்சனீர், தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார். அதையும் ஒரு சாமர்த்தியம் போலச் சொன்னார்.

சாப்பிட்டுக்கொண்டே ஒரு பழைய உறையின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். "இருபத்துநாலை உடை. ரெண்டு, ரெண்டு, ரெண்டு, அப்புறம் ஒரு மூணு. எல்லாம் பகா எண், இதுக்கு மேல உடையாது. இப்ப பக்கத்துல ஒரே ஒரு ரெண்டு இருக்குன்னு வெச்சுக்க. பக்கத்தை மூணு தடவை பெருக்கினாத்தானே கனம்? அந்த ஒரு ரெண்டே மூணு தடவை வந்துடும். நமக்கு வேண்டிய ரெண்டெல்லாம் கிடைச்சிருச்சு."

"அந்த மூணு?"

"அதுல ஒண்ணு பக்கத்துல இருந்தாப் போதும். கனத்துல அதுவும் மூணு தடவை வரும், கொஞ்சம் உபரிதான். ரெண்டையும் மூணையும் பெருக்கு."

"ஆறு."

"ஆறுக்கு ஆறுக்கு ஆறு, இருநூத்துப் பதினாறு கட்டி. ஆளுக்கு ஒம்பது. ஆறுக்குக் கீழ போக முடியாது, ரெண்டும் வேணும் மூணும் வேணுமே."

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்தது. "இதை அந்த ஆள்கிட்ட எழுதிக் காட்டுறதுதானே?" என்றேன்.

"சிபாரிசு அவர் கையில இருக்கு லா" என்று சொல்லிக் கையலம்பப் போய்விட்டார். எண்ணை உடைக்கத் தெரிந்த மனிதருக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை.

அடுக்கியது கிராணிமார் வீட்டுப் பெண்கள் நாங்கள். விருந்துக்கு முந்தின நாள் காலையில் தொடங்கி மாலை வரை முதுகு ஒடிய அடுக்கினோம். வல்லிபுரத்தின் மனைவி நேசம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "நேரா வையுங்கோ பிள்ளையள்" என்று விசிறிக்கொண்டிருந்தார். எறும்பு ஏறாமலிருக்க மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தார்கள். எறும்புகள் சுவர் வழியாக வந்தன. ஆபீசில் யோசிக்கத் தெரிந்தவை அவைதான்.

மறுநாள் விருந்து. துரை அந்தச் சீனி மலையைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டு, முதலில் நின்ற கந்தப்பு என்ற கிராணிக்கு எண்ணிப் போட ஆரம்பித்தார். ஆளுக்கு ஐந்நூற்று எழுபத்தாறு கட்டி. அறுபதிலேயே கந்தப்புவின் கைக்குட்டை நிறைந்துவிட்டது. துரைக்கு வியர்த்தது. இதைவிடச் சிறியதாகக் கட்ட முடியாதா என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்கு இங்கிலீஷ் பேச வராது; கேட்டால் விளங்கும்.

வல்லிபுரத்துக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, "கணக்குப் போட்டது எங்கள் தற்காலிகக் கிராணி ரெங்கசாமி, ஐயா" என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தம் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு துரை முன்னால் போனேன். நேசம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், உதறிவிட்டேன். மேலடுக்கிலிருந்து கட்டிகளை எடுத்து, வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை வைத்து, அதன்மேல் இன்னும் ஐந்து அடுக்கு ஏற்றினேன். தாம்பாளத்தைத் துரையிடம் நீட்டி, ஒன்பது விரலைக் காட்டினேன்.

துரை ஆளுக்கு ஒன்பதாகக் கொடுத்தார். இருபத்துநாலாவது ஆளோடு தாம்பாளம் சுத்தமாகக் காலி. துரை கைதட்டிச் சிரித்து, இது யாருடைய கணக்கு என்று கேட்டார்.

"இவரு" என்று என் கணவரைக் காட்டினேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகத் துரை அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். வல்லிபுரமும் பார்த்தார்.

என் கணவர் எழுந்து நின்று, தெளிவான இங்கிலீஷில் சொன்னார்: "தலைமைக் கிராணி முதலிலேயே ஆறு என்றுதான் சொன்னார், ஐயா. நான்தான் பிழையாகப் பெருக்கிவிட்டேன்."

ஆபீஸ் முழுதும் அறிந்த பொய் அது. இருபத்துமூன்று பேரும் தலையாட்டினார்கள்.

வல்லிபுரத்தின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. பிழையை ஒப்புக்கொள்ளும் இப்படிப்பட்ட நேர்மையான ஆளைத்தான் நிரந்தரமாக்க வேண்டும் என்று துரையிடம் உருகினார். சிபாரிசுக் காகிதம் ஏற்கனவே அவர் பையில் தயாராக இருந்தது. துரை சீனி ஒட்டிய விரலோடு கையெழுத்துப் போட்டார்.

நாலாம் நாள் உத்தரவு வந்தது. கூடவே வல்லிபுரம் ஒரு டின் நிறையச் சீனிக்கட்டி அனுப்பியிருந்தார். என் கணவர் உத்தரவை விளக்கின் கீழே பிடித்து, "சீதா, நிரந்தரம்னு போட்டிருக்கு பாரு. இனிமே கிள்ளானுக்குப் போக வேணாம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

"என்னவா நிரந்தரம்னு போட்டிருக்கு? கிராணியாவா, அவரு காலுக்குச் செருப்பாவா?" என்று கேட்டேன்.

அவர் உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த டின்னைத் திறந்து, அவருடைய தேநீரில் இரண்டு கட்டி போட்டுக் கொடுத்தேன். கலக்கிக் குடித்தார்.