உடலை விட்டுப் பிரியக் கூடாது

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தின் ஒரு சிறிய அலுவலகத்தில் வெர்னா டட்டில் பதினொரு வருடமாக வேலை பார்த்தாள். தனியாக இருக்கும் முதியவர்களை வீடுவீடாகப் போய்ப் பார்த்து வருவது அவள் பொறுப்பு. அவளும் தனிக்கட்டைதான். அந்த வீடுகளை விட்டால் அவளோடு பேச ஆள் கிடையாது.

கூட வேலை பார்த்த ஒருத்தியை ஒரு வீட்டில் அடித்துப் போட்டார்கள். அதன் பிறகு ஊழியர்கள் பணிநேரத்தில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று கவுண்டி விதி போட்டது. ஒரே நிபந்தனை, அது உடலை விட்டுப் பிரியக் கூடாது. காரில் விட்டுப் போனால் வேலை போய்விடும். பயந்துபோயிருந்த வெர்னாவும் ஒன்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வியாழக்கிழமை என்றால் ஆர்வில் கான்ட்ஸின் பண்ணை வீடு. எண்பத்தொரு வயதுக்காரர், காபி போட்டு வைத்துக் காத்திருப்பார். அன்று வாசலில் அடித்த காற்று அவள் கோட்டை விலக்கிவிட்டது. வலைக்கதவைத் திறக்க வந்த ஆர்விலின் கை அப்படியே நின்றது.

"என்னம்மா அது?"

"ஆபீஸ்ல அனுமதி குடுத்திருக்காங்க. பயப்படாதீங்க."

"கார்ல வெச்சுட்டு வா."

"வெக்கக் கூடாது ஆர்வில். விதி அப்படி."

"அப்ப உள்ள வராத. என் பையன் கிளேட்டன் இந்தச் சமையக்கட்டுலதான் சுட்டுக்கிட்டான்."

பதினொரு வருடத்தில் அவர் அதைச் சொன்னதே இல்லை. கோப்பையை மட்டும் வெளியே நீட்டினார். வெர்னா நின்றபடியே குடித்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாளே துப்பாக்கிக்கான அனுமதிச் சீட்டை ஆபீஸில் திருப்பிக் கொடுத்தாள். மேலாளர் ராய் மேடக்ஸ் தலையைச் சொறிந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு நடந்ததுக்கப்புறம், ஆயுதம் இல்லாம தூரத்து வீட்டுக்கு உன்னைத் தனியா அனுப்ப முடியாது வெர்னா. துணைக்கும் ஆளில்ல. இங்கயே உக்காந்து போன்ல விசாரி, போதும்."

சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கலாம். அவள் வாங்கவில்லை.

அடுத்த வியாழன் ஆர்விலுக்குப் போன் செய்தாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். அத விட்டுட்டு வர மாட்டியா?"

"அனுமதிச் சீட்டையே திருப்பிக் குடுத்துட்டேன். இப்ப வர விட மாட்டேங்கறாங்க."

மறுமுனையில் இருமல் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை உன்னை யாரு அனுப்பணும்?" என்றார் ஆர்வில்.

வேலை இல்லாத நாளில் தன்னை யாராவது எதிர்பார்ப்பார்கள் என்று வெர்னா நினைத்ததே இல்லை. ஞாயிறு காலை நாற்பது மைல் ஓட்டிப் போனாள். இருவரும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்தார்கள்.