பதினோரு வாரக் காலை ஷிஃப்ட்

அந்த பஸ் டிப்போவில் யார் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஒரே ஒரு ஆள். எல்லாரும் அவனை 'சார்ட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில் போய்த்தான் தேட வேண்டும். இருநூறு டிரைவர்களுக்கும் வாராவாரம் டியூட்டி சார்ட் போட்டு வாசல் பலகையில் ஒட்டுவது அவன் வேலை. பதினெட்டு வருஷமாக அதில் ஒரு தப்புகூட வந்ததில்லை என்று அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த இருநூறு பேரில் ஒருத்தி அவன் மனைவி.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேனேஜர் அவனைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"உங்க வீட்டம்மா எனக்கு லெட்டர் எழுதியிருக்காங்க. ஏன்யா, வீட்டுல ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையா?"

மனைவியின் கையெழுத்து. பதினோரு வாரமாகத் தனக்கு விடிகாலை ஷிஃப்ட் மட்டுமே போடப்படுகிறது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது விதி, இது மேனேஜர் உத்தரவு என்று கேள்விப்பட்டேன், காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும், இல்லையென்றால் என்னை மேற்கு டிப்போவுக்கு மாற்றிவிடவும் என்று எழுதியிருந்தாள். மேற்கு டிப்போ பஸ்ஸில் ஆறு மணி நேரப் பயணம். அங்கே போனவர்கள் குவார்ட்டர்ஸில் தங்கி, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்தால் அதுவே பெரிது.

"நான் எப்பய்யா உத்தரவு போட்டேன்?"

"எப்படியோ கவனிக்காம விட்டுட்டேன் சார்."

"இருநூறு பேரைக் கவனிக்கிற ஆளு, வீட்டம்மாவை மட்டும் கவனிக்கலையா? பன்னெண்டரைக்கு டியூட்டி முடிச்சு வருவாங்க. அதுக்குள்ள பதில் எழுதி அவங்க கையில குடுங்க. இல்லன்னா நான் மாற்றல்ல கையெழுத்துப் போட்டுடுவேன். அங்க இருக்கிற மேனேஜர் ஆள் இல்லாம கத்திக்கிட்டு இருக்கான்."

சார்ட்டு தன் அறைக்கு வந்து உட்கார்ந்தான். உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தான். பாத்ரூமுக்குப் போனான், வந்தான், மறுபடியும் தண்ணீர் குடித்தான். காலையிலிருந்து இது நாலாவது தடவை.

நடந்தது இதுதான். நாலு மாதத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே மகள் படிக்கப் போய் ஹாஸ்டலில் சேர்ந்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். கதவைச் சாத்த வேண்டாம், குரலைத் தாழ்த்த வேண்டாம். அப்படி ஒரு வசதி வாய்த்த நேரம் பார்த்துத்தானா அவன் உடம்பு அவனைக் கைவிட வேண்டும்? முதல் தடவை அசதி என்றான். இரண்டாவது தடவை ஆபீஸ் டென்ஷன் என்றான். மூன்றாவது தடவை சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விடுவதுபோல் நடித்தான். அவள் அவன் முதுகில் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டாள். அந்தக் கையை அவள் எடுத்ததை அவனால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஜலதோஷம் பிடித்தால் ஊரையே கூட்டும் ஆண்பிள்ளைகள், இது வந்தால் மட்டும் வாயைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிடுவார்கள். இவனும் டாக்டரிடம் போகவில்லை. பேப்பர் விளம்பரத்தைப் பார்த்து, டப்பாவில் குதிரைப் படம் போட்ட ஒரு பொடியைத் தபாலில் வரவழைத்தான். ஒன்பது நாள் தின்றதில் வயிறு கெட்டதும் மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்ததும்தான் பலன். டப்பாவை நாலு தாளில் சுற்றி, பிணத்தை மறைக்கிற கொலைகாரன் மாதிரி, பக்கத்துத் தெருக் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டான்.

அப்புறம்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. மனைவி பெயரை விடிகாலை ஷிஃப்டில் எழுதினான். அவள் மூன்றரைக்கே வீட்டை விட்டுப் போனால்தான் முதல் வண்டியை எடுக்க முடியும். அதனால் எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவாள். இவன் வேலை இருப்பதாகச் சொல்லி ஒன்பது மணிவரை ஆபீஸிலேயே உட்கார்ந்திருப்பான். வார லீவும் இருவருக்கும் ஒரே நாளில் விழாதபடி பார்த்துக்கொண்டான். "மேனேஜர் ஆர்டர்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்று ஒரு பொய். வேறு எந்தப் புருஷனுக்கும் இந்த வசதி கிடையாது. இவனுக்குக் கையில் பேனா இருந்தது, போட்டுவிட்டான்.

இப்போது பதில் எழுத வேண்டும். 'நிர்வாகக் காரணங்களால்' என்று ஆரம்பித்தான். கிழித்தான். 'ஆள் பற்றாக்குறையால்' என்று எழுதினான். அவள் அதே டிப்போவில் பன்னிரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவள், யார் தலையில் யார் மிளகாய் அரைப்பது? அதையும் கிழித்தான்.

அந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளே வந்தான். மனைவியின் தம்பி, பக்கத்து ஷெட்டில் மெக்கானிக். முழங்கைவரை கிரீஸ்.

"மாமா, அக்கா நெஜமாவே போகப்போகுதா? பெட்டி கட்டி வெச்சிருக்கு."

"பெட்டியா? எங்க?"

"உங்க வீட்டுல இருக்கிற பெட்டியை என்கிட்ட கேக்கறீங்களே!" மச்சான் கதவுப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "அக்கா கேக்கச் சொல்லலை. நானாத்தான் கேக்கறேன். உங்களுக்கு வேற யாராவது இருக்காங்களா மாமா?"

சார்ட்டுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேறு யாராவது இருப்பதற்கு வேண்டிய யோக்கியதை இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காதே!

"போடா, போய் வேலையைப் பாரு."

அவன் போனதும் சார்ட்டு கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றே முக்கால். பயம் என்றால் அப்படி ஒரு பயம். அவள் போய்விடுவாள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிற மாதிரிப் போகமாட்டாள், முறைப்படி மனு கொடுத்துவிட்டுப் போவாள். அவன் தாளை எடுத்தான். வீட்டுப் பேச்சில் எத்தனை தடவை முயன்றும் வராத விஷயம், பழகிப்போன ஆபீஸ் பாஷையில் கடகடவென்று வந்தது.

'மேற்படி ஓட்டுநரின் தொடர் காலைப் பணிக்கு மேனேஜர் பொறுப்பல்ல. சார்ட் தயாரிப்பவரே பொறுப்பு. மேற்படி ஓட்டுநரின் கணவரான அவருக்குக் கடந்த நான்கு மாதங்களாக ஆண்மைக் குறைவு ஏற்பட்டுள்ளது. மூன்று முறை முயன்று தோற்றார். நான்காவது முறை தோற்க அவருக்குத் தைரியம் இல்லை. ஆகவே தான் விழித்திருக்கும் நேரத்தில் மேற்படி ஓட்டுநர் உறங்கும்படி ஏற்பாடு செய்துகொண்டார். மேற்படி ஓட்டுநரிடம் எந்தக் குறையும் இல்லை என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.'

கையெழுத்துப் போட்டு, வழக்கம்போல் கீழே சீலும் குத்தினான்.

பன்னிரண்டரைக்கு அவள் வந்தாள். காக்கிச் சட்டை, தூக்கிக் கட்டிய கொண்டை, கண்ணில் தூக்கம். நின்றபடியே வாங்கிப் படித்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். சிரிப்பாளா, கத்துவாளா, காகிதத்தை மூஞ்சியில் விட்டெறிவாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்கிட்ட குறை இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஒரு வருஷமா எனக்கு வலி. உள்ள வறண்டு போய் எரியுது. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். அது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, வெறுத்துட்டீங்க, அதான் ஒதுக்கி வெச்சுட்டீங்கன்னு நெனச்சேன்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "முதல் ரெண்டு வாரம் காலை ஷிஃப்ட் போட்டப்போ எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன். அதுக்கப்புறம்தான் வீடு வீடா இல்லை."

அவனுக்கு உறைத்தது. அவள் வலியை ஒரு வருஷமாக அவன் பார்த்ததில்லை. தன் தோல்வியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

அவள் கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரி அட்டை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"லேடி டாக்டரைப் பாத்தேன். இந்த வயசுல வர்றதுதான், களிம்பு இருக்கு, சரியாயிடும்னாங்க. வீட்டுக்காரர் எப்படி இருக்கார்னு கேட்டாங்க. விலகியே இருக்கார், தண்ணியா குடிக்கிறார், பாத்ரூமுக்கும் அடிக்கடி போறார்னு சொன்னேன். கையோட கூட்டிட்டு வாங்க, சர்க்கரை இருக்கான்னு பாக்கணும்னாங்க."

அட்டையில் நாலு தேதிகள். முதல் மூன்றும் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன.

"இந்த மூணும் நமக்கு ரெண்டு பேருக்கும் சேர்ந்து லீவு வரும்னு கணக்குப் போட்டு வாங்கின தேதிங்க. நீங்க சார்ட் ஒட்டினதும் ஒவ்வொண்ணா அடிச்சேன்."

அவனுக்கு அந்தத் தேதிகள் ஞாபகம் இருந்தன. மூன்று நாளிலும் லீவைக் கடைசி நிமிஷத்தில் மாற்றி எழுதியவன் அவனேதான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றான். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"எப்போ? நீங்க வரும்போது நான் தூங்கறேன். நான் போகும்போது நீங்க தூங்கறீங்க. கட்டின புருஷன்கிட்ட பேச மேனேஜருக்கு மனு போட வேண்டியிருந்துச்சு எனக்கு." அதுவரை திடமாக இருந்த குரல் அங்கே உடைந்தது. முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். "நாலாவது தேதி இன்னிக்கு. ரெண்டு மணிக்கு. வர்றீங்களா, இல்ல நான் பெட்டியை எடுக்கட்டுமா?"

அவன் எழுந்து மேனேஜர் அறைக்கு நடந்தான். அவள் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

"பதில் குடுத்தாச்சா?"

"குடுத்துட்டேன் சார். அரை நாள் லீவு வேணும். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மேனேஜர் லீவுத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "யாருக்கு உடம்பு சரியில்லை? உங்களுக்கா, வீட்டம்மாவுக்கா?"

பல்வலி, கண் பரிசோதனை, முட்டிவலி என்று மூன்று பொய்கள் தயாராக நாக்கு நுனியில் நின்றன. சார்ட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான். பொய் சொல்வானோ என்று பயந்து அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு சார்," என்றான்.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். லீவுக்கான காரணம் என்ற இடத்தில் 'ஆஸ்பத்திரி' என்று போட்டு, இரண்டு பேருடைய பெயரையும் ஒரே தாளில் எழுதினார்.