வாசலோடு திரும்பிய ரிப்போர்ட்

அக்காவின் வயிற்றுக் கட்டிக்கு இன்றே ஆபரேஷன் நடந்தாக வேண்டும். டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார், தியேட்டரில் ஒரு இடம்தான் மிச்சம், யாருடைய ரத்த ரிப்போர்ட் மதியத்துக்குள் வருகிறதோ அவர்களுக்குத்தான். தவறினால் அடுத்த தேதி எப்போது என்று ஆண்டவனுக்கே தெரியாது. நான் அதே ஆஸ்பத்திரியில் மெயில் சர்வரைக் கட்டி மேய்ப்பவன்.

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்கிறார் டாக்டர். வெளியில் இருக்கும் லேப்காரர்கள் அனுப்பியாகிவிட்டது என்று சாதிக்கிறார்கள். வந்துபோகும் மெயில்களையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் லாகைத் திறந்தேன். லேபிலிருந்து டாக்டருக்கு வந்த மெயில்கள் வரிசையாக இருந்தன. அத்தனையையும் என் ஃபில்டரே விரட்டியிருந்தது!

ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் யார் அனுப்பியது, எந்த சர்வர் வழியாக வந்தது என்று இருக்கும். அனுப்புகிறவர்கள் அந்த சர்வரைத் தங்களுடையது என்று முன்கூட்டியே அறிவித்திருக்காவிட்டால் ஃபில்டர் அதைப் போலி என்று முடிவு கட்டிவிடும். முன்பெல்லாம் ஸ்பாம் பெட்டியிலாவது கிடக்கும். சமீபத்தில் எங்கள் டைரக்டர் ஒரு போலி மெயிலில் ஏமாந்துவிட்டு என்னைக் கிழி கிழி என்று கிழித்தார். ரோஷத்தில் நான்தான், சந்தேகம் வந்தால் வாசலோடு திருப்பிவிடும்படி மாற்றிவைத்தேன்.

லேபின் கம்ப்யூட்டர்காரரைப் பிடித்தேன். நேற்றுதான் புது சர்வருக்கு மாறினார்களாம், அதை அறிவிக்க மறந்துபோனார்களாம். நாங்கள் திருப்பி அனுப்பியதெல்லாம் யாருமே திறக்காத முகவரியில் போய்க் குவிந்திருக்கிறது. நல்ல லட்சணம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு அந்த சர்வருக்கு வழிவிட்டேன், அக்கா பெயரைச் சொல்லி மறுபடி அனுப்பச் சொன்னேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தேன். ஒருவழியாக வந்து சேர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"டேய், என்னைக் கூப்பிட்டுட்டாங்கடா. வரிசைப்படி முதல்ல பக்கத்துக் கட்டில் பொண்ணுக்குத்தான் பண்றதா இருந்துச்சு. அவ ரிப்போர்ட் வரலைன்னு வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. பாவம், அழுதுக்கிட்டே துணிமணியெல்லாம் எடுத்து வைக்கிறா."

"அவங்களுக்கும் அதே லேப்தானாக்கா?"

"ஆமா, நாங்க சேர்ந்துதானே ரத்தம் குடுத்தோம். ஏன்டா?"

ஒன்றுமில்லை, தைரியமாகப் போய் வா என்று சொல்லி போனை வைத்தேன். லேபுக்குத் திரும்பக் கூப்பிட்டு, நேற்றிலிருந்து எங்களுக்கு அனுப்பிய எல்லாவற்றையும் மறுபடி அனுப்பச் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அப்போது அக்காவைத் தவிர வேறு யாரும் என் மண்டையில் இல்லை.

ரிப்போர்ட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அந்தப் பெண்ணுடையதும் இதில்தான் இருக்கும். டாக்டரிடம் சொன்னால் அந்தப் பெண்ணை நிறுத்தி வைப்பார். அக்காவைக் கட்டிலுக்கே திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார். போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கூப்பிட்டேன். நர்ஸ்தான் எடுத்தாள்.

"டாக்டர் இப்பத்தான் தியேட்டருக்குள்ள போனாரு. உங்க அக்காவுக்கு மயக்க மருந்து குடுத்தாச்சு."

அப்பாடா என்று பெருமூச்சு வந்தது. அடுத்த நொடியே அந்தப் பெருமூச்சு விட்டதற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.