சாயாத நாற்காலி

பாய்லர்காரர் துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்து, துண்டை நாலாக மடித்துப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி இழுத்தார். மனைவியின் பாதம் காலையிலிருந்து சில்லென்று இருந்தது. தேய்த்த சூட்டோடு கொண்டுபோய்ச் சுற்றினால் பத்து நிமிடம் தாங்கும். பிறகு அடுத்த துண்டு. மதியத்துக்குள் ஒன்பது முறை ஆகிவிட்டது. கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டது அன்றைக்குத்தான்.

அறைக்கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் கிடந்தவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் துணி தேய்த்தவள். ஒருவர் கண்ணெதிரில் துணியைப் பாழாக்கும்போது சும்மா கிடக்க அவளால் முடியுமா?

“மடிப்பு மேல தேய்க்காதீங்க,” என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, “துணி அங்கதான் விட்டுப்போகும்.”

அவர் சரி சரி என்று துண்டைப் பிரித்துப் போட்டு மறுபடி தேய்த்தார். கொண்டுபோய்க் காலில் சுற்றும்போது அவள் கண்ணை மூடியிருந்தாள். அதன் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் காலையிலேயே சொல்லியிருந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, இன்றைக்கோ நாளைக்கோ, மகளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், நாலரைக்கு நான் மறுபடி வருகிறேன் என்றாள். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தவள், நாலு மணி வாக்கில், “ஜெபத்த இப்பவே வச்சுக்கலாமாப்பா?” என்று கேட்டாள். வழக்கமான ஏழு மணி ஜெபம் வரை அம்மா இருப்பாளா என்பதைத்தான் அவள் அப்படிக் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

அந்த வீட்டுக் குடும்ப ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. மகள் வேதம் வாசிப்பாள், வாசித்தவளே முதலில் ஜெபிப்பாள். அடுத்தது அவர். கடைசியில் மனைவி, ஆமென் சொல்லி முடித்து வைப்பது அவள் பொறுப்பு. முன்பெல்லாம் அவர் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார். அப்பா ஜெபம் பண்ணும்போது அடுப்பில் பால் வைக்கக் கூடாது என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். சின்னவன்தான் அதில் முன்னால் நிற்பான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், சின்னவனுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்தான் அப்பாவுக்கு பாய்லர் வேலை. அவர் பாய்லரில் எழுப்பிய நீராவியில் வெளுத்த விரிப்பின் மேல் மகன் மாடியில் கிடந்தான். ஷிப்ட் முடிந்ததும் நேரே மேலே போய், அவன் தலையில் கை வைத்து, வார்டே கேட்கும்படி ஜெபித்தார். எட்டாவது நாள், “ஞாயித்துக்கிழமை நீ எழுந்து நடப்ப, ஆண்டவர் எனக்குச் சொல்லிட்டார்,” என்று அவனிடம் உறுதியாகச் சொன்னார். அவன் நம்பினான். அம்மாவிடம் செருப்பு எடுத்து வரச்சொல்லி, அதைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டான். சனிக்கிழமை மத்தியானம் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த வாரம் மறுபடி குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். அவர் முறை வந்தது. சொல்வதற்கு அவரிடம் ஒரு வார்த்தையும் இல்லை. இன்னொருத்தியாக இருந்தால் ஒரு இருமல் இருமிவிட்டு அவரைத் தாண்டிப் போயிருப்பாள். மனைவி காத்திருந்தாள். தாங்கமுடியாமல் அவர் நாற்காலியில் சாய்ந்தார். பழைய மர நாற்காலி, கிறீச்சென்றது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் அவள் தன் ஜெபத்தைத் தொடங்கினாள். அன்றிலிருந்து அதுவே கணக்காகிவிட்டது. அவர் சாயும்வரை அவர் முறை. ஒன்பது வருடமாக ஒருநாளும் அவர் பேசியதில்லை, ஒருநாளும் அவள் முந்தியதும் இல்லை.

முதலில் அவருக்கு அது தண்டனை போலத்தான் இருந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், என்னை விட்டுவிட்டு நீ பாட்டுக்கு முடி என்று சத்தம் போட்டார். அவள் கோபப்படவில்லை.

“அடுத்த ஆள் வந்து பொறுப்ப வாங்குற வரைக்கும் பாய்லர விட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? உங்க முறைய நான் எப்படி எடுத்துக்குறது? பேச வரலைன்னா சும்மா இருங்க. நான் இருக்கேன்ல.”

வேலையைச் சொல்லி அவர் வாயை அடைக்க அவளால் மட்டும்தான் முடியும். அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சே வேலைதான். சலவைப் பிரிவிலிருந்து அடித்தளத்துக்கு போன் போட்டு, மேலே ஸ்டீம் வரவில்லை, தூங்குகிறீர்களா என்று கேட்டவள் அவள்.

அவளும் ஒன்றும் பாறை போன்ற விசுவாசி இல்லை. சின்னவன் போன பிறகு அவள் ஜெபம் சுருங்கிவிட்டது. தெரிந்தவர்கள் பெயரை வரிசையாகச் சொல்வாள், இன்னாருக்கு முட்டிவலி, இன்னாருக்கு வேலையில்லை என்று. கடைசியில் தினமும் ஒரே முடிவுதான்: “இன்னிக்கும் எனக்குப் புரியல, ஆண்டவரே. நாளைக்கு வரேன். ஆமென்.” சபையில் யாராவது கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். மூவாயிரம் சாயங்காலத்துக்கு மேல் அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் வராமல் இருந்ததும் இல்லை.

அன்று கூடத்தில் உட்காரவில்லை, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாற்காலிக்கு அங்கே இடமில்லை என்று அவர் குளியலறை முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மகள் வாசித்தாள். ஜெபித்தாள். அம்மாவுக்கு வலி வேண்டாம் என்பதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்கவில்லை. பிறகு அமைதி. ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம். கீழே தெருவில் யாரோ வண்டியைத் திரும்பத் திரும்ப உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணை மூடி, துண்டு சுற்றிய பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். எப்போதும்போல ஒன்றும் வரவில்லை. போதும் என்று தோன்றியபோது சாய்ந்தார். சாய்வதற்கு முதுகுக்குப் பின்னால் எதுவும் இல்லை. தடுமாறி நிமிர்ந்தார். சத்தம் எதுவும் எழவில்லை.

கண்ணைத் திறந்தபோது அவள் மூச்சு நின்றிருந்தது.

மகள் இன்னும் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முறை முடியட்டும் என்று இருந்தாளோ, அம்மாவின் முறை நடக்கிறது என்று இருந்தாளோ. அவளைக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. அழைப்பு மணி அடித்து நர்ஸ் உள்ளே வந்த பிறகுதான் மகள் கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, அம்மாவின் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த ஜெபத்துக்கு யாரும் ஆமென் சொல்லவில்லை.

மனைவி போன நேரம் என்ன என்று அவர் நர்ஸிடம் கேட்டார். நாலு இருபத்தைந்து என்று அவள் எழுதினாள். அது நர்ஸ் உள்ளே வந்த நேரம். அதற்கு முன்னால் எப்போது என்று மறுபடி கேட்டார். அதை யாரால் சொல்ல முடியும் ஐயா என்றாள் நர்ஸ். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் தன் முறையில் போனாளா, இல்லை இவர் முறை முடியட்டும் என்று காத்திருந்தபடியே போனாளா? அது அவர் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

மறுநாள் காலையிலேயே அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தார். பத்து வீட்டுக்குக் கேட்கும் குரல். எந்தக் கூட்டமானாலும் முடிவு ஜெபத்துக்குத் தானாக எழுந்து நிற்கிறவர். வந்ததும் தங்கையின் நெற்றியைத் தொட்டுக் கொஞ்ச நேரம் நிஜமாகவே விம்மினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“கடைசியா என்ன சொன்னா, மாப்ள?”

“மடிப்பு மேல தேய்க்காதீங்கன்னு சொன்னா.”

அண்ணன் கண்ணை மூடி யோசித்தார். “இதுல ஆழமான ஒரு சத்தியம் இருக்கு.”

“துண்டுதான் மச்சான்,” என்றார் பாய்லர்காரர்.

அடக்க ஆராதனை பத்து மணிக்கு. போதகர் நல்ல மனிதர், சுருக்கமாகப் பேசினார். அவள் ஞாயிறு தவறாமல் வந்ததைச் சொன்னார், அசையாத விசுவாசம் என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சலவைப் பிரிவுப் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அசையாத விசுவாசம் என்றதும் மகள் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். தினமும் சாயங்காலம் அம்மா என்ன சொன்னாள் என்று தெரிந்த இரண்டே பேர் அவர்கள்தான். ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவர் சொல்லவில்லை. அது பழக்கம்தான், ஆனால் அன்றைக்கு வேறு காரணம் இருந்தது. வீட்டில் ஒன்று முடியாமல் கிடக்கும்போது இங்கே எதை முடிப்பது?

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது மகள் அவர் கையைப் பிடித்திருந்தாள். சின்னவனின் கல்லைத் தாண்டும்போது அவர் நின்றார்.

“நேத்து ஜெபம் முடியல,” என்றார்.

“தெரியும்பா,” என்றாள் மகள்.

சாயங்காலம் வந்தவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள், அண்ணன் மட்டும் தங்கினார். மாப்ளைக்கு ஜெபம் வராது என்பது அவருக்குத் தெரியும், உறவில் எல்லோருக்கும் தெரியும். ஆறரைக்கே மாப்ளையின் தோளில் கை வைத்து, கவலைப்படாதீர்கள், இன்றைக்கு நானே நடத்திவிடுகிறேன் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பாய்லர்காரர் முக்காலியைக் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்துவிட்டு வந்து தன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மகள் அம்மாவின் நாற்காலியைச் சற்று நகர்த்திவிட்டு, மாமாவுக்கு வேறொன்று போட்டாள்.

ஏழு மணிக்கு மகள் வாசித்தாள். ஜெபித்தாள். அம்மாவை வைத்திருந்ததற்கு நன்றி என்று சொல்லும்போது குரல் உடைந்தது, தேற்றிக்கொண்டு முடித்தாள். அவள் நிறுத்தியதும் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சர்வ வல்லமையுள்ள எங்கள்…” என்று ஆரம்பித்தார்.

“மாமா, இது அப்பா முறை,” என்றாள் மகள்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். அவர் ஒருமுறை செருமினார், ஒருமுறை காலை மாற்றிப் போட்டார். ஜெபக் கூட்டங்களில் அவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. மகள் அசையவில்லை. அம்மா உட்காருகிற மாதிரியே கையை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தாள். இவளும் காத்திருப்பாள் என்று பாய்லர்காரருக்குப் புரிந்தது. இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு, இன்னும் ஒன்பது வருடத்துக்கு. இவளையும் அப்படிக் காக்க வைத்துவிட்டுப் போக அவரால் முடியாது.

“ஆண்டவரே,” என்றார். தன் குரலே அவருக்குப் புதிதாகக் கேட்டது. “நேத்து என் முறைய நான் முடிக்கல. அவ காத்துக்கிட்டு இருந்தாளான்னு எனக்குத் தெரியல. உமக்குத் தெரியும்.” இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். “அந்தப் பையன் செருப்பக் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டான். அத நான் இன்னும் மறக்கல. நீரும் மறக்காதேயும்.”

பிறகு சாய்ந்தார். நாற்காலி கிறீச்சென்றது.

அடுத்தது மனைவியின் முறை. ஃபிரிட்ஜ் ஓடி நின்றது. அவள் பெயர்களைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருக்கு அத்துப்படி. முட்டிவலிக்காரர், வேலையில்லாதவர், புதிதாகப் பிரசவித்தவள். அவ்வளவு நேரமும் பொறுத்திருந்தார்.

“இன்னிக்கும் புரியல, ஆண்டவரே,” என்றார் அவர். “நாளைக்கு வரோம்.”

“ஆமென்,” என்றார்கள் அவரும் மகளும். அண்ணன், முடிந்துவிட்டதா என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாகத் தானும் சொன்னார்.

மகள் டீ போடப் போனாள். பாய்லர்காரர் அறைக்குள் போனார். விரிப்பு மாற்றிய கட்டிலின் கால்மாட்டில் நேற்றைய துண்டு சுருண்டு கிடந்தது. அதைக் கொண்டுவந்து மேசையில் போர்வையின் மேல் முழுக்கப் பிரித்துப் போட்டார். இஸ்திரிப் பெட்டி சூடாகும்வரை நின்றார். நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் தேய்த்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அதன் பிறகே துண்டைக் கையால் மடித்தார். மடிப்பின் மேல் தேய்க்கவில்லை.