குழிக்குள் ஒரு கல்யாணம்

தன் கல்யாணத்தன்று காலை மார்லிஸ் மார்பளவு குழிக்குள் நின்று பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய வெள்ளை உடை என் முதுகுப்பையில் இருந்தது. காலில் ஸ்கீ பலகை கட்டிக்கொண்டு ஏறிவந்த நாங்கள் பதினான்கு பேரும் மரங்களுக்கிடையே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாணம் நடக்கவேண்டிய மரக்குடில் எதிரே தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு மொட்டைச் சரிவு.

அவளும் நானும் கொலராடோ மலைகளில் பனிச்சரிவு அபாயத்தைக் கணிக்கிறவர்கள். ஆறு வருடப் பழக்கம். அவள் உதட்டைக் கடித்த விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"போக முடியாது," என்றாள்.

"என்னம்மா சொல்ற?" மாப்பிள்ளை கோல்பியின் அப்பா ஓரின் முன்னால் வந்தார். "முப்பது வருஷமா இதுல குறுக்கால போறேன். ஒரு தடவகூட என்னை ஒண்ணும் பண்ணல."

"உங்களப் பாத்துப் பயந்திருக்கும் மாமா."

எல்லோரும் சிரித்தோம். ஓரின் சிரிக்கவில்லை. கல்யாணம்கூட முடியவில்லை, அதற்குள் மாமனாரோடு மல்லுக்கட்டா என்று நினைத்துக்கொண்டேன்.

"செவ்வாக்கெழம விழுந்த பனி பலகையாட்டம் இறுகிக் கெடக்கு. அடியில சக்கரை மாதிரி உதிரியா ஒரு அடுக்கு. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்களே எறங்கித் தட்டிப் பாருங்க."

ஓரின் இறங்கினார். மார்லிஸ் ரம்பத்தால் மூன்றடி அகலத்துக்கு ஒரு பனித்தூணை அறுத்துக் கொடுத்தாள். அவர் அதன் ஒரு ஓரத்தில் மண்வெட்டியை வைத்து மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து முறை தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா?" என்று புருவத்தை உயர்த்தினார். பிறகு முழங்கையிலிருந்து ஒரே ஒரு தட்டு.

இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சர்ரென்று விரிசல் ஓடியது. மேல்பலகை முழுசாக வழுக்கி வந்து அவர்மேல் விழ, ஓரின் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் குழியின் விளிம்புக்கு ஓடினோம். பிறகு பனிக்குள்ளிருந்து அவருடைய சிரிப்பு கிளம்பியது.

"அடிப்பாவி! இதுமேலயா இத்தன பேரையும் கூட்டிட்டுப் போக இருந்தேன்!"

மார்லிஸ் கோல்பியைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கடா. எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

கோல்பி குழிக்குள் குதித்தான். "எனக்கு இந்த எடமே போதும்," என்றான்.

எங்கள் ஊர்ச் சட்டப்படி பாதிரியார் தேவையில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டால் கல்யாணம். எல்லோருமாக மண்வெட்டியை எடுத்துக் குழியை அகலப்படுத்தினோம். சுற்றிலும் பனியிலேயே பெஞ்சு வெட்டினோம். மார்லிஸ் கம்பளிச் சட்டைக்கு மேலேயே வெள்ளை உடையை மாட்டிக்கொண்டாள். திங்கட்கிழமையே கேக்கோடு குடிலுக்குப் போயிருந்த கோல்பியின் வெர்லீன் அத்தையை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டோம்.

"நல்லா இருங்க கொழந்தைகளா! ஒரு நாள் முழுக்க ஆனாலும் சரி, நாளைக்கு நான் அந்தப் பக்கத்துச் சுத்துவழில எறங்கிக்கறேன். கேக்கப் பத்திக் கவலப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

"முழுசாவா அத்தை?" என்றான் கோல்பி.

"மூணு அடுக்குதானேடா!"

உறுதிமொழி சொல்லும்போது கோல்பி தயாரித்து வந்த காகிதத்தைப் பிரிக்கவே இல்லை. "நீ வேணாம்னு சொன்னா நான் திரும்பிடுவேன். ஏன்னு அப்பறமாக் கேக்கறேன்," என்றான். ஆறு வருடத்தில் மார்லிஸ் அழுது அன்றுதான் பார்த்தேன். பேனா உறைந்துபோனதால் ஓரின் அதைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தார்.

அந்தச் சரிவு அன்றும் விழவில்லை, அந்த மாதம் முழுக்கவும் விழவில்லை. அலுவலகத்தில் கேலி செய்தார்கள். "விழலன்னா நல்லதுதானே," என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

ஆனால் அன்று மத்தியானம் நாங்கள் இறங்கியதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. மரங்களுக்கிடையே மிதமான இறக்கம், முழங்கால்வரை பஞ்சுப் பனி. மார்லிஸ் பாவாடையை இடுப்பில் சுருட்டிக் கட்டிக்கொண்டு கூவியபடி பறந்தாள். முன்னால் போன ஓரின் தலைகுப்புற விழுந்து, தாடியெல்லாம் பனியோடு எழுந்தார்.

"மருமகளே, இந்த எறக்கம் பத்திரம்தானா?"

"எறக்கம் பத்திரம் மாமா! நீங்கதான் சந்தேகம்!"